கடற்கரையில் ஒரு வெங்காயப் பட்டறை

அமலி அந்தப் படத்தை முதல்முறை என்னிடம் நீட்டியபோது, நான் யாரோ ஒருவருடைய சாதிச் சான்றிதழை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்தேன். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே என் கடை. ஏதோ ஒரு வேலைக்கு விண்ணப்பிக்க அன்று கடைசி நாள் என்பதால் வாசலில் கூட்டம் நெரிந்தது. "என்னங்க, இது நிக்குமா? நல்லாப் பாத்துச் சொல்லுங்க" என்றாள். நெற்றியில் ஏற்றி வைத்திருந்த கண்ணாடியைக்கூட நான் கீழே இறக்கவில்லை. "நிக்கும், நிக்கும். பிரமாதமா இருக்கு" என்றேன்.

அந்த ஒரு வார்த்தைக்காக நான் ஆஸ்திரேலியா வரைக்கும் போய் அலைந்த கதைதான் இது.

அமலி என் மனைவி. பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியை. சொந்த ஊர் அரியலூர் மாவட்டத்தில் வரதராசன்பேட்டை. முந்திரிக்காட்டுக்கு நடுவில் வளர்ந்தவள். நானோ பெரம்பலூர்ப் பக்கத்து வெங்காயக் குடும்பம். கல்யாணம் ஆகி வந்த வருஷம் எங்கள் காட்டில்தான் அவள் முதன்முதலாக ஒரு வெங்காயப் பட்டறையைப் பார்த்தாள். வெளியூர்க்காரர்களுக்குப் பட்டறை என்றால் இரும்படிக்கிற இடம்தான் ஞாபகம் வரும். எங்களுக்கு அது சின்ன வெங்காயத்தைச் சேமித்து வைக்கும் இடம். தரையிலிருந்து கொஞ்சம் உயரத்தில் கல்லும் கம்பும் பரப்பி, இரண்டு பக்கமும் தட்டி கட்டி, நீளமாக, ஒடுக்கமாக, நெஞ்சளவு உயரத்தில் நிற்கும். காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போக வேண்டும். போனால்தான் வெங்காயம் அழுகாது.

அவள் பார்த்த அன்றைக்குச் சரக்கு முழுவதையும் எடுத்துவிட்டோம். வெறும் கூடு மட்டும் இருந்தது. தட்டி இடுக்குகளில் வெயில் கோடு கோடாக உள்ளே இறங்கியது. அமலி குனிந்து உள்ளே பார்த்துவிட்டு வெகுநேரம் எழுந்திருக்கவே இல்லை. அதற்குப் பிறகு நாங்கள் அதைப் பிரித்துக் கம்புகளை அடுக்கி வைத்ததை அவள் பார்க்கவில்லை. அதற்குள் சாப்பிடக் கூப்பிட்டுவிட்டார்கள். பத்து வருஷம் கழித்து அதை இரும்பில் செய்யப் படம் போட்டாள். எட்டடி உயரம், மூன்றடி அகலம், பதினாறடி நீளம். மெல்லிய கம்பிகளில் சட்டம், அடியில் கம்பித் தளம். பக்கவாட்டில் தட்டிக்குப் பதிலாக யூரியா சாக்கை நாடா நாடாவாகக் கிழித்து நெய்த பின்னல். உள்ளே ஒன்றுமில்லை, வெளிச்சம் மட்டும்.

ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரையில் வருஷா வருஷம் திறந்தவெளிச் சிற்பக் கண்காட்சி நடக்கிறது. அதற்கு இவள் விண்ணப்பித்தது எனக்குத் தெரியும். படிவத்தை ஜெராக்ஸ் எடுத்ததே நான்தான். கிடைக்கும் என்று இரண்டு பேருமே நினைக்கவில்லை. கிடைத்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் சால்வை போட்டார்கள். சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் சாமியார் அறிவிப்பு வாசித்தார். இரண்டாம் தடவையாக அவள் "நிக்குமா?" என்று கேட்டபோது வீடு நிறைய விருந்தாளிகள். நிக்கும் என்றேன். மூன்றாம் தடவை வெல்டிங் கடையில் வைத்துக் கேட்டாள். அதற்குள் பாதிக் கம்பியைப் பற்றவைத்து முடித்திருந்தார்கள். வெல்டிங் கடைக்காரர் என்னிடம், "சார், எந்தத் தலைவர் சிலைக்குங்க இந்தக் கூண்டு?" என்று கேட்டார். அன்றுதான் நான் கண்ணாடியை இறக்கி அந்தக் கூட்டை முழுசாகப் பார்த்தேன்.

காலிப் பட்டறை நிற்காது. எங்கள் பக்கத்தில் இது சின்னப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். உள்ளே இருக்கும் வெங்காயத்தின் எடைதான் பட்டறையை நிறுத்தி வைக்கிறது. சரக்கு போனால் அன்றைக்கே பிரித்துவிடுவோம். ஆடிக் காற்றுக்கு விட்டுவைத்தால் பக்கத்துக் காட்டில்தான் போய்ப் பொறுக்க வேண்டும். இது நெஞ்சளவு பட்டறைக்கே. இவள் செய்திருப்பதோ எட்டடி. "நிக்கும்" என்று மூன்றாம் தடவையும் சொல்லிவிட்டு, டீ குடிக்கப் போனேன்.

கடைக்காரன் புத்தி போகாது. எல்லாக் காகிதத்திலும் ஐந்து பிரதி, முக்கியமானவை லேமினேஷன், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ இருபது என்று ஒரு பையை நிரப்பிக்கொண்டேன். கூட்டைத் துண்டு துண்டாகக் கழற்றிக் கப்பலில் முன்னாலேயே அனுப்பியாகிவிட்டது. விமானத்தில் கொடுத்த படிவத்தில், உணவு இருக்கிறதா, விதை இருக்கிறதா, மண் ஒட்டிய செருப்பு இருக்கிறதா என்று கேட்டிருந்தார்கள். மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று எல்லாவற்றுக்கும் "ஆம்" போட்டேன். அமலி தலையில் அடித்துக்கொண்டாள்.

விமான நிலையத்தில் எங்களைத் தனியாக நிறுத்தி, ஒரு பெண் அதிகாரி பெட்டியைத் திறந்தார். வறுத்த முந்திரியை முகர்ந்து பார்த்துவிட்டு வைத்துக்கொள்ளுங்கள் என்றார். முறுக்கு போகலாம். அடியில் என் அக்கா கட்டிக் கொடுத்த சின்ன வெங்காயப் பொட்டலம் இருந்தது. அதைக் கையுறை போட்ட விரல்களால் பிடித்து, மன்னிக்க வேண்டும் என்று சொல்லி, ஒரு மூடி போட்ட தொட்டிக்குள் போட்டார். நேர்மையாகச் சொன்னதற்கு நன்றி என்றும் சொன்னார். நேர்மை என்ற சொல்லைக் கேட்டதும் நான் அமலியைப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை கடற்கரைக்கு ரயிலில் போக வேண்டியிருந்தது. பெரம்பலூரில் ரயில் கிடையாது. எங்களுக்கு எல்லாமே பஸ்தான். படியில் நின்றால் கண்டக்டர் விசில் கொடுப்பார், இறங்குவோம். அந்தப் பழக்கத்தில் எங்கள் நிலையம் வருவதற்கு முன்னாலேயே நான் மூட்டையோடு கதவை ஒட்டி நின்றுகொண்டேன். ரயில் நின்றது. கதவு திறக்கவில்லை. யாரோ திறப்பார்கள் என்று காத்திருந்தேன். ரயில் கிளம்பிவிட்டது. பின்னால் நின்ற ஒரு பெரியவர், அந்தப் பச்சைப் பொத்தானை நீங்கள்தான் அழுத்த வேண்டும் என்று மெதுவாகச் சொன்னார். அமலி அடுத்த கதவில் பொத்தானை அழுத்தி இறங்கி, பிளாட்பாரத்தில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கண்ணாடி வழியாகக் கையாட்டினேன். அடுத்த நிலையம் போய்த் திரும்பி வர அரைமணி நேரம் ஆனது. "கேட்டிருக்கலாம்ல?" என்றாள். எனக்கு அதுதான் வருவதில்லையே.

கடற்கரை நான் நினைத்ததைவிட அழகாக இருந்தது. அந்த அழகே பயமாகவும் இருந்தது. மணலுக்கு மேலே புல் சரிவு. சரிவு நெடுகச் சிற்பங்களை நிறுத்திக்கொண்டிருந்தார்கள். ஆள் உயரத்தில் ஒரு பித்தளைக் காது, மணலில் பாதி புதைந்த ராட்சத நாற்காலி, கண்ணாடிக் குழாய்களைக் கட்டித் தொங்கவிட்ட ஏதோ ஒன்று. எங்கள் ஊரில் சிலை என்றால் சுற்றிலும் கம்பிக் கூண்டு இருக்கும், பக்கத்தில் ஒரு போலீஸ்காரர் நாற்காலியில் தூங்குவார். இங்கே கூண்டும் இல்லை, காவலும் இல்லை. நாய்கள் முகர்ந்து பார்த்தன. ஈர உடம்போடு கடலிலிருந்து ஏறி வந்தவர்கள் காதுக்குள் தலையை விட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். யாருக்கும் கோபம் வரவில்லை. கொஞ்ச நேரம் நான் என் கவலையை மறந்து அந்தக் காதைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

எங்களுக்குக் கொடுத்த இடம் சரிவின் உச்சியில், கடலுக்கு நேர் எதிரே. "என்ன எடம் பாத்தீங்களா! இருக்கறதுலயே நல்ல எடம்" என்றாள் அமலி. எனக்கோ, காற்றுக்கு வைத்த இடம் என்று பட்டது. குழி தோண்ட அனுமதி இல்லை. ஒரு சாண் ஆழத்துக்கு முளை அடித்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். நாங்கள் இருவரும் அங்கிருந்த இரண்டு தொழிலாளர்களும் சேர்ந்து மதியத்துக்குள் கூட்டைப் பூட்டிவிட்டோம். காலையில் காற்றே இல்லை. சாக்குப் பின்னல் வழியாக வெயில் புல்லில் கோடு போட்டது. அமலி அதில் உட்கார்ந்து எழுந்திருக்கவே இல்லை. பத்து வருஷத்துக்கு முந்தைய அதே முகம். நான் முளைகளை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மதியம் ஒரு மணிக்கு மேல் கடலிலிருந்து ஒரு காற்று கிளம்பியது. அங்கே கோடைக்காலத்தில் கிட்டத்தட்ட தினமும் வருமாம். ஊர்க்காரர்கள் அதை எதிர்பார்த்துக் காத்திருந்து, வந்ததும் சட்டையைத் தளர்த்திக்கொள்கிறார்கள். பின்னல் முதலில் விம்மியது. பிறகு கூடு முழுவதும் ஒரு மூச்சு எடுத்தது. கடல்பக்கத்துக் கால் ஒன்று புல்லிலிருந்து இரண்டு விரல் அளவு எழும்பி, மறுபடி உட்கார்ந்தது. அமலி அந்தப் பக்கம் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். ஹெலனும் பார்த்தார்.

ஹெலன்தான் கண்காட்சியின் இன்ஜினியர். அறுபதை ஒட்டிய வயது, வெயிலில் சிவந்த முகம், மஞ்சள் மேல்சட்டை. ஒவ்வொரு சிற்பத்தையும் மதியக் காற்றில் சோதித்து, நிற்கும் என்றால் பச்சை நாடாவும் நிற்காது என்றால் சிவப்பு நாடாவும் கட்டுவார். பேசாமல் வந்து எங்கள் கூட்டில் சிவப்பைக் கட்டினார். பிறகு அமலியிடம் பொறுமையாக விளக்கினார். நாளை மறுநாள் காலை திறப்பு. நாளை மதியம் மறுபடி பார்ப்பார். கயிறு இழுத்துக் கட்ட முடியாது, நடப்பவர்கள் தடுக்கி விழுவார்கள். உள்ளே மணல் மூட்டை அடுக்கலாம். இல்லாவிட்டால் வண்டி நிறுத்தும் இடத்துக்குப் பின்னால், சுவர் மறைவில், படுக்க வைத்துக் காட்டலாம். எனக்கு வருத்தம்தான், ஆனால் இது யார் மேலாவது விழுந்தால் நான்தான் பதில் சொல்ல வேண்டும் என்றார்.

அமலி தலையாட்டினாள். அவர் போனதும் என் பக்கம் திரும்பி, "மணல் மூட்டைய அடுக்குனா கொள்ளிடத்துக் கரை ஒடைஞ்ச எடத்த அடைச்ச மாதிரி இருக்கும். அதுக்கு இதப் பிரிச்சு எடுத்துட்டே போயிரலாம்" என்றாள். கண்ணில் தண்ணீர் நின்றது, விழவில்லை.

கை கழுவி வருகிறேன் என்று நகர்ந்து அக்காவுக்குப் போன் போட்டேன். அக்கா காட்டில் இருந்தாள். பின்னால் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. விஷயத்தைச் சொன்னதும், "காலிப் பட்டறைய எவன்டா நிக்க வெப்பான்? ஒனக்குத் தெரியாதா?" என்றாள். தெரியும் என்றேன். "அவகிட்டச் சொன்னியா?" என்றாள். இல்லை என்றேன். "போன வெய்யி. மொதல்ல போயி அதச் சொல்லு" என்று அவளே வைத்துவிட்டாள்.

கடற்கரைச் சுவரில் உட்கார்ந்து, காகிதத்தில் சுற்றிய மீன் வறுவலும் உருளைக்கிழங்கும் சாப்பிட்டோம். அங்கே எல்லாரும் அதைத்தான் சாப்பிடுகிறார்கள். மீன் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் உப்பைத் தவிர வேறு எதுவும் அதற்குத் தெரியாது. சுற்றிலும் கடற்பறவைகள் கடன்காரர்கள் மாதிரி நின்று பார்த்தன. இதற்கு மேல் தள்ளிப்போட இடமில்லை என்று எனக்குப் புரிந்தது.

"அமலி, காலிப் பட்டறை நிக்காது."

"என்னது?"

"எங்கூர்ல யாரும் காலியா நிக்க வெக்கறதில்ல. சரக்க எடுத்த அன்னிக்கே பிரிச்சிருவோம். வெங்காயத்தோட எடைதான் அதப் புடிச்சு நிறுத்துது."

அவள் கையிலிருந்த காகிதத்தை மடித்தாள். "இது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"பொறந்ததுலேருந்து."

"நான் மூணு தடவ கேட்டேன்."

"ஆமா."

அவள் எழுந்து, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, தண்ணீர் ஓரமாக நடக்க ஆரம்பித்தாள். வெகுதூரம் போனாள். நான் கூடப் போகவில்லை. போகும் தகுதி எனக்கு இருப்பதாகத் தோன்றவில்லை. ஒரு பறவை வந்து என் மடியிலிருந்த மீனைத் தூக்கிக்கொண்டு போயிற்று. கொண்டு போகட்டும் என்று விட்டேன். இருபது வருஷமாக அடுத்தவர்களின் காகிதத்தை ஓர் எழுத்து விடாமல் சரிபார்த்துக் கொடுக்கிறவன், வீட்டுக்காரி போட்ட ஒரே ஒரு படத்தைப் பார்க்கவில்லை. அவமானமாக இருந்தது.

அவள் திரும்பி வர முக்கால் மணி நேரம் ஆனது. முகம் கழுவியிருந்தாள். பக்கத்தில் உட்காரவில்லை, நின்றபடியே பேசினாள்.

"நான் எதுக்கு முந்திரிய வுட்டுட்டு வெங்காயப் பட்டறைய வரைஞ்சேன் தெரியுமா? உங்க ஊர்ப் பொருள வரைஞ்சாலாவது நீங்க உக்காந்து பாப்பீங்கன்னுதான்."

நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். அவள் விடவில்லை. "இப்பப் பேச வேணாம். எத்தன மூட்ட வெங்காயம் வேணும், அதச் சொல்லுங்க."

நான் எழுந்து போய்க் கூட்டை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தேன். கம்பிக்கும் கம்பிக்கும் இடையில் விரலை விட்டு அளந்தேன். முழங்கால் உயரத்துக்குப் போட்டால் போதும், மேலே வெளிச்சம் அப்படியே இருக்கும் என்று பட்டது. முப்பது மூட்டை என்றேன். எங்கள் ஊர்ச் சின்ன வெங்காயம் என்றால் இடுக்கில் கொட்டிவிடும். இங்கத்துப் பெரிய வெங்காயம் நிற்கும்.

ஹெலனிடம் போய்ச் சொன்னோம். அவர் முதலில் சிரித்தார். பிறகு நாங்கள் சிரிக்கவில்லை என்பதைக் கவனித்து, ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டார். எடை போதும், ஆனால் காற்றில் பார்க்காமல் பச்சை கட்ட மாட்டேன் என்றார்.

அன்று இரவு அறையில் அமலி என்னோடு பேசவில்லை. முறுக்கை மட்டும் பாதியாக உடைத்து என் பக்கம் வைத்தாள். எனக்குத் தூக்கம் வரவில்லை. வெளியே மரம் அசையும் ஒவ்வொரு தடவையும் கால் எழும்பி உட்காருவது கண்ணில் வந்தது.

விடிந்ததும் ரயிலேறி, இந்தத் தடவை பொத்தானை நானே அழுத்தி, இரண்டு நிலையம் தள்ளி ஒரு காய்கறிக் கடையில் போய் நின்றோம். கடைக்காரரின் அப்பா இத்தாலியிலிருந்து வந்து குடியேறி வெங்காயம் பயிரிட்டவராம். முப்பது மூட்டையா, ஹோட்டல் நடத்துகிறீர்களா என்று கேட்டார். அமலி படத்தை நீட்டினாள். அவர் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டார். வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார். காற்று எந்தப் பக்கம் வரும் என்று கேட்டார். பின்னல் எதால் செய்தது என்று கேட்டார். வரிசையில் மூன்று பேர் காத்திருந்தார்கள். அவர் அவர்களைக் கண்டுகொள்ளவே இல்லை. ஒரு ஜெராக்ஸ் கடையிலும் இப்படி நடந்திருக்கலாம்.

பின்கட்டில் தோல் உரிந்து விற்காமல் கிடந்த மூட்டைகளைக் காட்டினார். கண்காட்சி முடிந்ததும் திருப்பித் தந்துவிட வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை. இந்தக் கூட்டில் வெங்காயம் எத்தனை நாள் தாங்குகிறது என்று தானே பார்க்க வேண்டும் என்றார். தன் வேனிலேயே கொண்டுவந்தும் கொடுத்தார்.

பட்டறைக்குள் வெங்காயத்தைக் கொட்டக் கூடாது. கொட்டினால் அடிபட்டு, அடிபட்ட இடத்தில் அழுகும். குனிந்து கைகையாக விட வேண்டும். திருப்பிக் கொடுக்கிற வெங்காயம் எதுவும் கெட்டுப்போகக் கூடாது என்பதில் நான் கண்டிப்பாக இருந்தேன். நேரம் ஓடியது. நாயைக் கூட்டிக்கொண்டு நடக்க வந்த ஒரு அம்மாள் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டு, நாயைக் கம்பத்தில் கட்டிவிட்டு எங்களோடு உட்கார்ந்துவிட்டார். பித்தளைக் காதைச் செய்த சிற்பியும் வந்தார். நான்கு வெவ்வேறு விதமான ஆங்கிலத்தில் எல்லாரும் "மெதுவாக, மெதுவாக" என்று சொல்லிக்கொண்டார்கள். ஒரு மணிக்கு இருபத்தாறு மூட்டை உள்ளே போயிருந்தது. அமலி இன்னும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

காற்று வந்தது. பின்னல் விம்மியது. ஹெலன் கைகளைக் கட்டிக்கொண்டு ஐந்து நிமிஷம் பார்த்தார். கூடு அசையாமல் நின்றது. நாய்க்கார அம்மாள் கைதட்டினார். ஹெலன் சட்டைப்பையிலிருந்து பச்சை நாடாவை எடுத்தார். அமலி நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

நான் அதற்குள் புல்லில் குப்புறப் படுத்து, கடல்பக்கத்துக் காலின் அடியில் கண்ணை வைத்திருந்தேன். புல் நுனி ஒன்று காலுக்கு அடியில் போய்ப் போய் வந்தது. கால் எழும்பவில்லை, ஆனால் மூச்சு விடுகிறது. வேறு யார் கண்ணுக்கும் அது தெரியாது. பேசாமல் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு நின்றால் கதை முடிந்தது. பச்சை கட்டிவிடுவார், படம் எடுத்துக்கொள்ளலாம், ஊருக்குப் போகலாம்.

"அமலி, இன்னும் நிக்கல" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். முந்தின நாள் மதியத்துக்குப் பிறகு முதல் தடவையாக. பிறகு ஹெலனின் கையைப் பிடித்து, கட்ட வேண்டாம், கூடு இன்னும் நிற்கவில்லை என்கிறார் என் கணவர் என்று சொன்னாள். ஹெலனும் முழங்காலிட்டுப் பார்த்தார். ஆமாம் என்று தலையசைத்து நாடாவைச் சுருட்டிக்கொண்டார். மிச்சமிருந்த நாலு மூட்டையையும் கடல்பக்கக் கோடிக்கே கொண்டுபோய், காற்று அடிக்க அடிக்க, கைகையாக விட்டோம். அந்தக் கோடியில் இடுப்பளவுக்கு ஏறியது. நான் மறுபடி படுத்துப் பார்த்தேன். புல் நுனி மாட்டிக்கொண்டு நின்றுவிட்டது. அப்போதும் உடனே எழுந்திருக்கவில்லை, நூறு எண்ணினேன்.

"இப்ப நிக்கும்" என்றேன். அமலி கண்களை மூடித் திறந்தாள். ஹெலன் பச்சையைக் கட்டினார்.

திறப்பு நாளன்று நாங்கள் யாருமே நினைக்காத ஒன்று நடந்தது. மதியக் காற்று பட்டறைக்குள் புகுந்து, வெங்காயத்தின் காய்ந்த தோலை உரித்து எடுத்து, மறுபக்கத்து இடுக்குகள் வழியாக வெளியே விட்டது. பொன் நிறத்தில், கண்ணாடி மாதிரி மெல்லிசாக, நூற்றுக்கணக்கில். அவை சரிவு முழுக்கப் பறந்தன. மக்கள் தலையில் உட்கார்ந்தன. சரசர என்று ஒரு சத்தம் கூட்டுக்குள்ளிருந்து வந்துகொண்டே இருந்தது. எங்கள் காட்டில் நான் வாழ்நாள் முழுக்கக் கேட்ட சத்தம்தான். ஒரு நாளும் நின்று கேட்டதில்லை. காய்கறிக் கடைக்காரர் குடும்பத்தோடு வந்து, தன் வெங்காயத்தை எல்லாரிடமும் காட்டிப் பெருமைப்பட்டுக்கொண்டார். பரிசு ஒன்றும் கிடைக்கவில்லை. அது பித்தளைக் காதுக்குப் போயிற்று, நியாயம்தான்.

அங்கே இருந்த மிச்ச நாட்களிலும் எனக்கு நிம்மதி என்று ஒன்று வந்துவிடவில்லை. தினமும் ஒரு மணிக்குச் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்ப் புல்லில் படுத்துப் பார்த்தேன். ஒரு போலீஸ்காரரோ நாற்காலியோ இல்லாத குறையை நானே தீர்த்து வைத்தேன் என்று அமலி கேலி செய்தாள். கேலி செய்கிற அளவுக்குப் பேச்சு திரும்பியிருந்தது. முழுசாகத் திரும்பியிருக்கவில்லை.

கிளம்புவதற்கு முந்தின நாள் அதே கடற்கரைச் சுவரில் உட்கார்ந்திருந்தோம். மடியில் நோட்டை வைத்து எதையோ வரைந்துகொண்டிருந்தவள், தாளைக் கிழித்து என்னிடம் நீட்டினாள். முந்திரி மரம் ஒன்று. தரையோடு தரையாகப் படர்ந்து, ஒரே ஒரு கிளை மட்டும் வெகுதூரம் நீண்டு, நுனியில் கனமாக ஏதோ தொங்குகிறது. எல்லாமே கம்பி.

"நிக்குமா?" என்றாள்.

போன் அடித்தது. ஊரிலிருந்து அக்கா. அதை எடுக்காமல் பையில் போட்டேன். நெற்றியிலிருந்து கண்ணாடியை இறக்கினேன். தாளை வெளிச்சத்துக்குத் திருப்பினேன். அடிமரத்தைப் பார்த்தேன், கிளையைப் பார்த்தேன், கிளை நுனியில் தொங்குவதைப் பார்த்தேன். அமலி கடலைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். நான் அவசரப்படவில்லை.

"நிக்காது" என்றேன்.

அவள் சிரித்தாள். நடுவில் இருந்த பையை நகர்த்தி எனக்குப் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்து, பென்சிலை என் கையில் கொடுத்தாள்.

"எங்கன்னு காட்டுங்க."